நெட்வொர்க் தரவுச் சேகரிப்புக் கருவி பேச மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சென்சார்களின் அளவுகளை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும், ஈதர்நெட்டில் இணையும் தரவுச் சேகரிப்புக் கருவி வேலை செய்யவில்லை என்றதும் பலரும் முதலில் மென்பொருளைத்தான் குடைகிறார்கள். நிரலை அழித்து மறுபடி நிறுவுவது, டிரைவரை மாற்றுவது, அப்புறம் கருவியையே ஃபாக்டரி ரீசெட் செய்வது. கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. மின்சாரம், கேபிள், லிங்க் (கேபிளின் இரு முனைகளும் ஒன்றையொன்று உணர்வது), ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவியின் எண்), போர்ட் எண் (கருவிக்குள் ஒரு சேவையின் வாசல்), மென்பொருள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள் இருக்கின்றன. கீழ் அடுக்கு சரியாக இருப்பதை உறுதி செய்யாமல் மேல் அடுக்கில் கை வைத்தால், நன்றாக இருந்த அமைப்பையும் கலைத்துவிட்டு, கடைசியில் எது எதனால் கெட்டது என்றே தெரியாமல் நிற்போம்.

அதனால் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், நிச்சயமாக வேலை செய்யும் ஒரு குட்டை ஈதர்நெட் கேபிள், வைஃபை அணைக்கப்பட்ட ஒரு மடிக்கணினி, குறித்துக்கொள்ள ஒரு தாள். எதை மாற்றினாலும் மாற்றும் முன் இருந்த நிலையை எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மெயின்ஸ் பக்கம் ஏதாவது கழற்ற வேண்டியிருந்தால் சப்ளையை முழுவதும் துண்டித்த பிறகே, அந்த வேலை தெரிந்தவர் செய்ய வேண்டும்.

இனி, உங்கள் கண்முன் என்ன தெரிகிறதோ அந்த அறிகுறிக்குப் போங்கள்.

ஒரு விளக்குகூட எரியவில்லை

மல்டிமீட்டரைப் பவர் சப்ளையின் முனையில் வைக்காதீர்கள். கருவியின் டெர்மினலில், கருவி இணைந்திருக்கும்போதே அளவிடுங்கள். சப்ளையில் 24 வோல்ட் இருப்பது சப்ளை நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கருவிக்கு அது வந்து சேர்கிறதா என்று சொல்லாது.

கருவி முனையில் பூஜ்யம் என்றால் ஃபியூஸ், பிரேக்கர், கழன்ற வயர் என்று பின்னோக்கிப் போங்கள். திருகு டெர்மினலில் செம்புக்குப் பதில் வயரின் மேலுறையைப் பிடித்து இறுக்கியிருப்பது மிகச் சாதாரணம். வெளியே பார்த்தால் இறுக்கமாகவே தெரியும், மெல்ல இழுத்துப் பாருங்கள். மீட்டர் மைனஸ் காட்டினால் துருவம் மாறியிருக்கிறது. பல கருவிகளில் இதற்குப் பாதுகாப்பு உண்டு, மாற்றிக் கொடுத்தால் எழுந்துவிடும்.

கருவியைக் கழற்றியபோது வோல்டேஜ் சரியாகவும், இணைத்தவுடன் சரிந்தும் போகிறது என்றால் வழியில் மின்தடை இருக்கிறது. லூஸ் கனெக்‌ஷனாக இருக்கலாம், அல்லது நீளமான மெல்லிய வயராக இருக்கலாம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 36 ஓம். கருவி 50 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 100 மீட்டர், அதாவது 3.6 ஓம். அரை ஆம்பியர் இழுத்தால் 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 24 வோல்ட் சப்ளையில் இது பெரிய விஷயமில்லை. 12 வோல்ட் பேட்டரியில் கருவிக்கு மிஞ்சுவது 10.2 வோல்ட். குறைந்தது 10 வோல்ட் கேட்கும் கருவி அந்த விளிம்பில்தான் நிற்கும். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே செத்துவிடும்.

ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ முறையில் கதை வேறு. 802.3 என்ற ஈதர்நெட் தரத்தைப் பின்பற்றும் ஸ்விட்ச் (பல ஈதர்நெட் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டி) உடனே வோல்டேஜைத் தள்ளுவதில்லை. எதிரே ஏறக்குறைய 25 கிலோ ஓம் அடையாளத் தடை இருக்கிறதா என்று முதலில் சோதிக்கும். இருந்தால்தான் 48 வோல்ட் அளவிலான மின்சாரத்தைத் திறக்கும். அதனால் வெறும் கேபிள் முனையில் மீட்டரை வைத்து 48 வோல்ட் வரவில்லை என்று ஸ்விட்சைக் குற்றம் சொல்ல முடியாது. 24 வோல்ட் பாஸிவ் இன்ஜெக்டர், அதாவது கேபிளில் மின்சாரத்தைச் சேர்க்கும் எளிய பெட்டி, முற்றிலும் வேறு பொருள். அது எந்தச் சோதனையும் செய்யாமல் மின்சாரத்தை அனுப்பும். தர முறைப்படி செய்த கருவி அதில் எழாது. அதேபோல் பாஸிவ் இன்ஜெக்டரைப் பிஓஇ இல்லாத கருவியில் செருகினால் போர்ட் எரிந்துபோகலாம். இரண்டையும் ஒரே மேசையில் வைக்கவே வேண்டாம்.

பிஓஇ ஸ்விட்சில் இன்னொன்றையும் பாருங்கள்: மொத்த வாட் வரம்பு. 802.3ஏஎஃப் முறையில் ஒரு போர்ட் 15.4 வாட் தரும், கேபிள் இழப்பு போகக் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95. 802.3ஏடி முறையில் அது 30, 25.5. ஆனால் எட்டு போர்ட் இருக்கிறது என்பதற்காக எட்டும் ஒரே நேரத்தில் முழு வாட் தரும் என்று பொருளில்லை. புதுக் கருவி ஒன்றைச் சேர்த்ததும் அது எழவில்லை, அல்லது பழையது ஒன்று அணைந்தது என்றால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது

எத்தனை விநாடிக்கு ஒருமுறை அணைகிறது என்பதுதான் இங்கே சாவி. ஓரிரு விநாடிக்கு ஒருமுறை என்றால் சப்ளை மிகைச்சுமையைக் கண்டு தன்னைத்தானே துண்டித்து, மறுபடி முயன்று கொண்டிருக்கிறது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நன்றாக ஓடி, அளவீடு தொடங்கும் நேரத்தில் அணைகிறது என்றால் சென்சார்களுக்கு மின்சாரம் போகும் கணத்தில் சுமை ஏறுகிறது.

இரண்டுக்கும் சோதனை ஒன்றுதான். சென்சார் டெர்மினல் பிளாக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கருவியைத் தனியாக இயக்குங்கள். தனியாக நிலையாக ஓடினால் கருவி குற்றமற்றது. பிறகு பிளாக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எந்த ஒன்றில் மறுபடி விழுகிறதோ அங்கே சென்சார் சப்ளை எங்காவது ஷார்ட் ஆகியிருக்கும். பெரும்பாலும் ஜங்ஷன் பெட்டிக்குள் ஈரம், அல்லது ஷீல்டின் (கேபிளுக்குள் இருக்கும் உலோகக் கவசம்) ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொடுவது. தனியாகவும் விழுந்தால் வேறொரு சப்ளையை வைத்துப் பாருங்கள். பல கருவிகள் ஒரே சப்ளையில் இருந்தால், எல்லாம் ஒன்றாக எழும்போது முதல் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இருக்கும். தாளில் கணக்குச் சரியாக இருந்தும் சப்ளை எழாமல் போவது இதனால்தான்.

பவர் விளக்கு சரி, லிங்க் விளக்கு இல்லை

கையில் உள்ள குட்டை கேபிளால் கருவியை மடிக்கணினியில் நேரடியாக இணையுங்கள். லிங்க் வந்தால் கருவி போர்ட் நல்லது. கோளாறு நீளக் கேபிளிலோ ஸ்விட்சிலோ. செம்பு ஈதர்நெட் கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர், இரண்டு முனைகளில் உள்ள பேட்ச் கேபிள்களையும் சேர்த்து. அதற்கு மேல் போனால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

100 மெகாபிட் லிங்குக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு ஜோடி அறுந்த கேபிளில் 100 வேகத்தில் நன்றாக ஓடும் கருவி, கிகாபிட் ஸ்விட்சுக்கு மாறியதும் தடுமாறுவது இதனால்தான். தொழிற்சாலைக் கருவிகளில் வட்டமான எம்12 இணைப்பி இருந்தால் அதன் குறியீட்டைப் பாருங்கள்: டி-கோடு நான்கு பின், 100 மெகாபிட் வரை, எக்ஸ்-கோடு எட்டு பின், கிகாபிட்டுக்கும் மேலே. ஒன்று மற்றொன்றில் செருகாது. அழுத்தினால் பின் வளையும்.

அமைப்புகளை மாற்றக்கூடிய (மேனேஜ்டு) ஸ்விட்ச் என்றால் அந்தப் போர்ட் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வேகம் ஒரு பக்கம் கையால் பொருத்தப்பட்டும் மறுபக்கம் ஆட்டோவிலும் இருந்தால் லிங்க் விளக்கு எரியும், ஆனால் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசுவதா, மாறி மாறிப் பேசுவதா என்பது) பொருந்தாமல் சுமை ஏறும்போது பாக்கெட்டுகள் தொலையும். இரண்டு பக்கமும் ஆட்டோ, அல்லது இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு. நடுவழி கிடையாது.

லிங்க் இருக்கிறது, ஆனால் மென்பொருள் கருவியைக் கண்டுபிடிக்கவில்லை

பெரும்பாலானோரின் நேரம் இங்கேதான் கரைகிறது. நிதானமாகப் போவோம்.

முதலில் மடிக்கணினியின் முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், முகவரிகளைத் தானாகப் பகிர்ந்து தரும் டிஎச்சிபி சர்வரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். நேரடிக் கேபிளில் இது இயல்பு. கருவியும் அதே முறையில் முகவரி எடுக்கக்கூடியது என்றால் இரண்டும் 169.254 வரிசையிலேயே பேசிக்கொள்ளும், சிக்கல் இல்லை. ஆனால் கருவி தொழிற்சாலையிலிருந்து 192.168.1.10 போன்ற நிலையான முகவரியோடு வந்திருந்தால், மடிக்கணினிக்கும் 192.168.1.20 என்பதுபோல் ஒன்றையும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கையும் கையால் கொடுக்க வேண்டும். முகவரியின் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக, கடைசிப் பகுதி வேறாக. இதைச் செய்துவிட்டு பிங் போடுங்கள், அதாவது அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கணினியின் ping கட்டளையால் பாருங்கள்.

வைஃபையை அணைக்கச் சொன்னதற்குக் காரணம் இங்கே வருகிறது. மடிக்கணினியில் இரண்டு நெட்வொர்க் அட்டைகள் ஒரே நேரத்தில் இருந்தால், கருவியைத் தேடும் பிராட்காஸ்ட் (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் அனுப்பும் அழைப்பு) தவறான அட்டை வழியாகப் போய்விடலாம். வைஃபையும் கருவியும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பு.

மென்பொருளின் தேடல் பொத்தான் காட்டவில்லை என்பதாலேயே கருவி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தேடல் பெரும்பாலும் பிராட்காஸ்ட் அல்லது மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு மட்டும் அனுப்பும் அழைப்பு) மூலம் நடக்கிறது. அது ரூட்டரையோ வேறு வீலானையோ (ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) தாண்டிப் போகாது. முகவரியைக் கையால் தட்டிக் கொடுத்தால் அதே கருவி இணைந்துவிடும். ஃபயர்வாலும் தேடலை விழுங்கும்: இணைய வசதியில்லாத கேபிள் இணைப்பை விண்டோஸ் பல நேரம் பொது நெட்வொர்க்காகவே வைத்துக்கொள்ளும், உள்ளே வரும் பதிலைத் தடுத்துவிடும். அந்த இணைப்பைத் தனியார் நெட்வொர்க் என்று மாற்றுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்க வேண்டாம்.

ஒரே முகவரி இரண்டு கருவிகளுக்கு இருக்கிறதோ என்று சந்தேகமா? உங்கள் கருவியின் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதே முகவரிக்கு பிங் போடுங்கள். பதில் வந்தால் வேறு ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று காட்டும் கணினியின் ஏஆர்பி பட்டியலில் தெரியும் மேக் முகவரியை (கருவியின் நிரந்தர வன்பொருள் எண்)க் கருவியின் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டால் முடிவு தெளிவாகும். நிலையான முகவரியோடு வரும் ஒரே வகைக் கருவிகள் இரண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்றாகச் செருகும்போது இது கட்டாயம் நடக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே தொழிற்சாலை முகவரியோடு வருகின்றன. ஒவ்வொன்றாக இயக்கி, முகவரியை மாற்றி, பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

இதில் ஒரு வகை மிகவும் வஞ்சகமானது: நேற்று வரை ஓடிய அமைப்பு மின்வெட்டுக்குப் பிறகு காணாமல் போகும், கருவியை மட்டும் அணைத்துப் போட்டால் வந்துவிடும். காரணம் எழும் வரிசை. கருவி சில விநாடிகளில் எழுந்து டிஎச்சிபியிடம் முகவரி கேட்கிறது, அப்போது ரூட்டர் இன்னும் எழுந்திருக்காது. ரூட்டர் எழுந்திருந்தாலும், ஸ்பேனிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகிவிடாமல் காக்கும் முறை) ஓடும் ஸ்விட்ச் போர்ட் பழைய முறையில் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, 30 விநாடி கழித்துத்தான் பாக்கெட்டுகளை விடும். கருவி அதற்குள் கேட்டு அலுத்து 169.254க்குப் போய்விடுகிறது. கருவிகள் இருக்கும் போர்ட்களை ஸ்விட்சில் எட்ஜ் போர்ட்டாக (இந்தக் காத்திருப்பு இல்லாத போர்ட்) அமையுங்கள். அதைவிட நல்லது, அளவீட்டுக் கருவிக்கு நிலையான முகவரி கொடுப்பது. என் கருத்தில் நீண்ட நாள் ஓட வேண்டிய கருவியை டிஎச்சிபி தயவில் விடக் கூடாது.

பிங் வருகிறது, மென்பொருள் இணைய மறுக்கிறது

பிழைச் செய்தி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று கவனியுங்கள். உடனே மறுப்பு வந்தால் உங்கள் பாக்கெட் பெரும்பாலும் கருவி வரை போயிருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பவர்தான் யாரும் இல்லை: போர்ட் எண் தவறு, அல்லது அந்தச் சேவை கருவியில் அணைந்திருக்கிறது. தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் டிசிபி முறை என்றால் வழக்கமான போர்ட் 502. நீண்ட நேரம் காத்திருந்து காலாவதியானால் நடுவில் ஃபயர்வால் சத்தமில்லாமல் பாக்கெட்டை எறிகிறது.

முன்பு இணைந்து இப்போது மட்டும் மறுக்கிறது என்றால் கருவியின் இணைப்பு வரம்பு நிரம்பியிருக்கலாம். சின்னக் கருவிகள் ஒரே நேரத்தில் சில இணைப்புகளைத்தான் ஏற்கும். மென்பொருள் பாதியில் உறைந்துபோனால் கருவி பழைய இணைப்பை இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துக் காத்திருக்கும். யாராவது பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இணைந்துவிட்டது, எண்கள்தான் சரியில்லை

முதல் சோதனை: சந்தேகத்துக்குரிய சேனலில் சென்சாரைக் கழற்றி, வோல்டேஜ் உள்ளீட்டின் இரண்டு முனைகளையும் சின்ன வயரால் ஷார்ட் செய்யுங்கள். எண் பூஜ்யத்துக்கு வந்தால் கருவி நலமாக இருக்கலாம். பிழையை வெளியே தேடுங்கள். (சென்சாருக்கு மின்சாரம் தரும் முனைகளை இப்படிச் செய்யக் கூடாது.)

எதுவும் இணைக்காத சேனல் பக்கத்துச் சேனலைப் போலவே ஆடுகிறது என்றால் பயப்பட வேண்டாம். ஒரே அனலாக்-டிஜிட்டல் மாற்றி பல சேனல்களைச் சுற்றிச்சுற்றி அளக்கும் கருவியில், திறந்த உள்ளீடு முந்தைய சேனலின் மின்னூட்டத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பயன்படாத சேனல்களை ஷார்ட் செய்து வையுங்கள். டிஃபரன்ஷியல் உள்ளீட்டில் (பிளஸ், மைனஸ் இரு முனைகளின் வித்தியாசத்தை அளப்பது) எர்த் தொடர்பே இல்லாத சென்சார் மெல்ல மெல்ல நழுவி உச்சத்தில் போய் ஒட்டிக்கொண்டால், மைனஸ் முனையிலிருந்து கருவியின் கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று தேவை.

அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகச் சொல்லும் 4–20 மில்லி ஆம்பியர் சென்சாரில் பூஜ்யம் என்பது பூஜ்ய அளவு அல்ல, அறுந்த சுற்று. 250 ஓம் ரெசிஸ்டர் வழியாக அளந்தால் குறைந்த அளவுக்கே 1 வோல்ட் வர வேண்டும். சுற்று அறுபடாமலும் பூஜ்யம் வந்தால், அந்தச் சுற்றுக்கு யார் மின்சாரம் தருகிறார்கள் என்று கேளுங்கள். சென்சார் கருவியை நம்பி, கருவி சென்சாரை நம்பி, இருவருமே தராமல் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை சென்சாரைச் சூடாக்கும்போது எண் இறங்கினால் துருவம் மாறியிருக்கிறது. பிடி100 என்ற தடை வழி வெப்பநிலை சென்சார் இரண்டு வயரில் இணைந்திருந்தால் வயரின் ஒவ்வொரு ஓமும் ஏறக்குறைய 2.6 டிகிரியைக் கூட்டிக் காட்டும். மூன்று அல்லது நான்கு வயருக்கு மாற்றுங்கள். கருவியிலிருந்து நிலையான மின்னோட்டம் பெற்று இயங்கும் ஐஇபிஇ அதிர்வு சென்சாரில் கோடு அசையாமல் கிடந்தால் மென்பொருளில் அதன் மின்னோட்டத்தை இயக்கினீர்களா என்று பாருங்கள். இயக்கியபின் சென்சார் முனையில் பெரும்பாலும் 8 முதல் 12 வோல்ட் நிற்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் ஷார்ட், 20க்கு மேலே ஏறி நின்றால் கேபிள் அறுந்திருக்கிறது.

எல்லாச் சேனல்களிலும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறியிருந்தால் கேபிள் ஷீல்டு இரு முனைகளிலும் எர்த் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அனலாக் சென்சார் கேபிளில் ஒரு முனை போதும். இரைச்சலைக் குறைக்கக் கருவியின் பாதுகாப்பு எர்த்தைக் கழற்றுவது மட்டும் எக்காரணத்துக்கும் கூடாது. அது உயிர் காக்கும் வயர்.

மோட்பஸில் வெப்பநிலைக்குப் பதில் பிரம்மாண்டமான பொருளற்ற எண் வந்தால் 32 பிட் மதிப்பைச் சுமக்கும் இரண்டு ரெஜிஸ்டர்களும் (16 பிட் நினைவுக் கட்டங்கள்) முன்பின்னாக மாறியிருக்கும். பக்கத்துச் சேனலின் மதிப்பு வந்தால் ரெஜிஸ்டர் எண் ஒன்று தள்ளியிருக்கிறது: கையேட்டில் 40001 என்பது கம்பியில் போகும்போது 0.

தரவு இடையிடையே அறுகிறது

கணக்கில் தொடங்குங்கள். 64 சேனல், ஒவ்வொன்றும் விநாடிக்கு 51,200 மாதிரி, ஒரு மாதிரிக்கு 4 பைட் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 105 மெகாபிட். 100 மெகாபிட் லிங்கில் இது எந்த நாளும் போகாது, எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும். 32 சேனலில் விநாடிக்கு 10,000 மாதிரி என்றால் 10 மெகாபிட்தான். அதிலும் அறுந்தால் கோளாறு வேறு இடத்தில்.

கணினியின் ஸ்லீப், நெட்வொர்க் அட்டையின் மின்சேமிப்பு, இரவில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றையும் அணையுங்கள். மோட்டார் எழும் நேரத்தில் மட்டும் அறுகிறது என்றால் ஈதர்நெட் கேபிள் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்விட்ச் காட்டும் பிழைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிளைச் சந்தேகியுங்கள். அது அசையாமல் தரவு மட்டும் தொலைந்தால் கணினியைச் சந்தேகியுங்கள்.

நேரம் பொருந்தவில்லை

பதிவுகள் 1970 ஜனவரி 1 என்று காட்டினால் கருவியின் கடிகாரம் அமைக்கப்படவே இல்லை. மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் அப்படியானால் உள் பேட்டரி தீர்ந்திருக்கும். நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி யுடிபி 123 போர்ட்டில் வருகிறது, அது திறந்திருக்க வேண்டும். இரண்டு கருவிகளின் அலைவடிவங்களை மைக்ரோ விநாடி அளவில் ஒப்பிட வேண்டுமானால் என்டிபி போதாது. அதைவிடத் துல்லியமான நேர ஒத்திசைவு முறையான பிடிபி (ஐஇஇஇ 1588 தரம்) வேண்டும், அதைப் புரிந்துகொள்ளும் ஸ்விட்சும் வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு

அமைப்புகளைக் கருவியிலும், கோப்பாகக் கணினியிலும் சேமியுங்கள். சில கருவிகளில் மாற்றம் உடனே வேலை செய்யும், ஆனால் சேமிக்கும் பொத்தானை அழுத்தாவிட்டால் அடுத்த மின்வெட்டில் மறைந்துவிடும். பிறகு ரூட்டர், ஸ்விட்ச், கருவி, கணினி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தி, மறுபடி கொடுத்து, எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். பதிவு தானாகத் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை என்றால் எந்த விளக்கில் நின்றுவிட்டது என்று பார்த்து, மேலே அந்த அறிகுறிக்குப் போங்கள். கருவியைத் தளத்தில் விட்டுவிட்டு வருவது அதன் பிறகுதான்.